வெள்ளோட்டம் பார்த்து வந்த மருமகனுக்கு

மருமகன், கொழும்பில் புது இசை நாடகம் ஒன்றை ஊருலகம் பார்க்கு முதல் நீங்க பார்த்துவிட்டு வந்திருக்கிறீங்க என்று கேள்வி. அரங்கேற்றத்துக்கு இன்னும் நாள் கிடக்காம். அதுக்கு முன்னே சனத்தைக் கூப்பிட்டு ஆடிப் பார்க்கிறாங்களாம். அந்தச் சனத்துக்குள்ளே நீங்களும் ஒரு ஆளாம். நல்ல காரியம். நேற்று அஸருக்குப் பிறகு சந்தித் தேத்தண்ணிக் கடையில் கையை ஆட்டி ஆட்டி நீங்க தீர்ப்புச் சொன்னதையும் ஒரு மூலையில் இருந்து கேட்டேன். "அது ஓடாது. ரெண்டு கிழமை தாங்காது." நம்ம வம்சத்தில் கருவாடு விற்றவன் இருக்கிறான், உப்பு அள்ளினவன் இருக்கிறான், வெங்காயம் போட்டு நட்டப்பட்டவன் வீட்டுக்கு ஒருத்தன் இருக்கிறான். நீதவான்தான் இல்லாமல் இருந்தது. நம்ம பள்ளிவாசல்துறைக்கே அந்தக் குறை இனி இல்லை.

ஆனால் தீர்ப்புச் சொல்வதும் ஒரு தொழில். செய்வதைத் திருந்தச் செய்ய வேணும். நீங்க செய்தது அநேகமாகச் சரி. ரெண்டொரு இடத்தில்தான் கை பழகவில்லை. மாமா சொல்லித் தாறேன்.

இடைவேளையோடு எழும்பி வந்துவிட்டீங்களாமே, அது கெட்டித்தனம். முழுக்க இருந்து பார்த்தவனுக்குத்தான் குழப்பம் வரும். முதல் பாதியில் சும்மா நின்ற பொடியன் பிறகு அழவைத்துவிட்டான், அந்தப் பிள்ளையின் குரல் போகப் போகத் திறந்தது என்று ஏதாவது இழுத்துக்கொண்டு நிற்பான். தீர்ப்பு எழுத ஏலாது. பாதியில் எழும்பினவனுக்கு அந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. பாட்டு நடக்கும்போதே கைபேசியில் கூட்டாளிமாருக்கு எழுதி அனுப்பினதும் நல்லது. பார்த்து முடித்த பிறகு எழுதினால் பார்த்ததைத்தான் எழுத வேண்டி வரும்.

பிறகு "நீளம்" என்று சொன்னீங்க. அந்தச் சொல்லை விடாமல் வைத்துக்கொள்ளுங்க. எந்த ஆட்டத்துக்கும் பொருந்தும், எவனும் மறுத்துப் பேச மாட்டான். மட்டக்களப்பில் கூத்து இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கினால் விடிய விடிய நடக்கும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதை எடுத்து, மாணவர்களை ஆடவைத்து, ஒரு இராத்திரிக் கூத்தை ரெண்டு மணித்தியாலம் மட்டில் சுருக்கினார். 1962இல் 'கர்ணன் போர்'. அதுக்குப் பிறகு 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' என்று வரிசையாக வந்தது. இராவணனாக ஆடின மாணவன்தான் பிறகு பேராசிரியரான மௌனகுரு.

இனி "நீளம்" என்று முனகினவர்கள் வாயை மூட வேணும்தானே? மூடவில்லை. கூத்தை வெட்டிப்போட்டாங்க, சுற்றிவரச் சனம் இருந்து பார்த்த வட்டக்களரி ஆட்டத்தை ஒரு பக்கம் திறந்த பெட்டிக்குள் அடைத்துப்போட்டாங்க என்று அடுத்த வழக்கு வந்தது. அதில் நியாயமும் இருந்தது, மருமகன். களரியில் ஆடுகிறவனுக்கு முன்பக்கம் என்று ஒன்று கிடையாது. அவன் முதுகைப் பார்த்துக்கொண்டும் நூறு பேர் இருப்பாங்க. முதுகும் ஆட வேணும். மேடைக்கு வந்தவுடன் முதுகுக்கு வேலை போய்விட்டது. இப்படி ஒன்றைச் சொல்லியிருந்தால் நானே உங்களுக்கு ஒரு பிளேன்டீ வாங்கித் தந்திருப்பேன். நீங்க சொன்னது "நீளம்" மட்டும். பாதி பார்த்தவனுக்கு அதன் நீளம் எப்படித் தெரிந்தது என்று கடையில் ஒருத்தனும் கேட்கவில்லை பாருங்க, நம்ம ஊர்ச்சனம் அவ்வளவு மரியாதை.

நம்ம பக்கம் சோழகம் அடித்துக் கடல் குழம்புகிற மாதங்களில் கிழக்குக் கரையில் வாடி போட்டிருந்த ஆள் நான். அங்கே கூத்துப் பழகுவதைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். பள்ளி லெப்பை கேட்டால் கருவாட்டுக் கணக்கு முடிக்கப் போனதாகச் சொல்லுங்க. அங்கே எடுத்த எடுப்பில் அரங்கேற்றம் இல்லை. ஆளுக்கு ஆள் பாத்திரம் பிரித்து, அவரவர் பாட்டை எழுதிக் கொடுப்பாங்க, அது சட்டங்கொடுத்தல். மாதக்கணக்கில் பழகி, தாளக்கட்டு காலில் ஏறின பிறகுதான் சதங்கை அணிதல். அதுக்குப் பிறகு கிழமைக்கூத்து. கிழமைக்கு ஒரு நாள் ஊர் பார்க்க ஆடுவது. கடைசியில் அடுக்குப் பார்த்தல் என்று முழுக் கூத்தையும் ஒழுங்குபடுத்தி ஒரு ஆட்டம். இவ்வளவும் முடிந்தால்தான் வேஷம் கட்டி அரங்கேற்றம். பிறகு வீடு வீடாகப் போய் ஆடுவாங்க. கொழும்பில் நீங்க பார்த்தது அந்தக் கிழமைக்கூத்துத்தான். பெயர்தான் வேறு, குளிரூட்டி வேறு.

கிழமைக்கூத்தில் சனம் சும்மா இருக்காது. கால் பிசகினால் பாயில் இருக்கிற கிழவர் "மத்தளத்தைக் கேளடா" என்று கத்துவார். ஆடுகிறவன் கோபிக்க மாட்டான். ஏனென்றால் முப்பது வருசத்துக்கு முந்தி அதே துரியோதனனை அந்தக் கிழவரே ஆடியிருப்பார். இல்லாவிட்டால் அவருடைய மகளைத்தான் அவன் கட்டியிருப்பான். அரிசியோ தேங்காயோ விளக்குக்கு எண்ணெயோ அவர் வீட்டிலிருந்தும் ஏதோ ஒன்று கூத்துப் பழக்குகிற அண்ணாவியாருக்குப் போயிருக்கும். எல்லாத்தையும்விட, கத்தின மனுஷன் அடுத்த கிழமையும் பாயோடு வருவார். திருத்திவிட்டானா என்று பார்க்க வேணும், திருத்தியிருந்தால் "ஆ, இப்ப சரி" என்று நாலு பேர் கேட்கச் சொல்ல வேணும். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்கு அங்கே வாய் இல்லை.

வெள்ளோட்டமே இல்லாத ஆட்டமும் நம்ம மாவட்டத்தில் இருக்கு. உடப்பில் திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போய்ப் பாருங்க. பாரதக் கதை நடந்து நடந்து தீமிதிப்பில் வந்து முடியும். நெருப்புக்குள் இறங்குகிறவன் முதல் நாள் ஒரு தரம் நடந்து பார்த்து, சனத்திடம் அபிப்பிராயம் கேட்டு, ரெண்டு தணலைக் குறைத்துக்கொள்வதில்லை. அங்கே போய் "நீளம்" என்று சொல்லிப் பாருங்க.

அமெரிக்காவிலும் இந்த வெள்ளோட்டத்துக்குக் காசு வாங்குறாங்க. அதுவும் அநேகமாக முழு விலை. என் பேத்தி கைபேசியில் தேடி வாசித்துக் காட்டினாள். நம்மூர்ப் பக்கம் பழகுகிற கூத்துக்கு டிக்கட் வெட்டினால் அண்ணாவியார் மத்தளத்தைப் போட்டுவிட்டு ஓட வேண்டி வரும். நியூயோர்க்கில் 'ஸ்பைடர் மேன்' கதையை இசை நாடகமாகப் போட்டாங்களாம். செலவு ஏழரைக் கோடி டொலர். ஆட்கள் கயிற்றில் தொங்கிச் சனத்தின் தலைக்கு மேலால் பறக்க வேணும். 2010 நவம்பர் 28ஆம் திகதி முதல் வெள்ளோட்டம். அன்றைக்கே கயிறும் இயந்திரமும் மக்கர் பண்ணி ஆட்டம் ஐந்து தரம் நின்றது. ரெண்டாம் பாதியில் ஒரு தரம் நின்றபோது ஒரு மனுஷி எழும்பி, எங்களை வைத்துப் பரிசோதனையா பண்ணுறீங்க என்கிற மாதிரிக் கத்தியிருக்கிறாள். மற்றச் சனம் என்ன செய்தது தெரியுமா? மேடையை விட்டுவிட்டு அவளைக் கூவி அடக்கியது.

அதுக்குப் பிறகு ஒரு பொடியன் கயிறு தவறி விழுந்து முதுகெலும்பை உடைத்துக்கொண்டான். திறப்பு விழா தள்ளித் தள்ளிப் போனது. பத்திரிகைக்காரர் அங்கே திறப்பு விழா மட்டும் பொறுக்கிறது வழக்கமாம். இவங்கள் பெப்ரவரியில் பொறுமை கெட்டு எழுதியே விட்டாங்க, நல்லாத்தான் வறுத்தெடுத்தாங்க. கடைசியில் நெறியாளரையே மாற்றி, மூன்று கிழமை ஆட்டத்தை நிறுத்தி, கதையைப் பிரித்து மேய்ந்து, 2011 ஜூன் 14இல்தான் அரங்கேற்றினாங்க. அதுக்கிடையில் நடந்த வெள்ளோட்டம் 182. நம்ம அண்ணாவியார்மார் கேட்டால் மயங்கி விழுந்திருப்பாங்க. 2014 ஜனவரி மட்டும் ஓடியது, போட்ட காசு வரவில்லை.

"அப்படியென்றால் முதல் நாளே கத்தினவள் சொன்னது சரிதானே மாமா" என்று கேட்பீங்க. சரிதான். ஆனால் ஒன்றைக் கவனிக்கவில்லை நீங்க. அவள் கத்தினது ரெண்டாம் பாதியில். காசைக் கொடுத்து, நாலு தரம் நின்ற முதல் பாதியையும் பொறுத்து, இடைவேளைக்குப் பிறகும் திரும்பி வந்து குந்தியிருந்து கத்தினாள். அந்த மனுஷிக்கு நான் கதிரை போட்டுக் கொடுப்பேன். உங்களுக்கு இப்போதைக்கு வாங்குதான்.

இன்னொன்றும் பேத்தி வாசித்தாள், அது 1962. ரோமாபுரிக் காலத்துக் கதையொன்றை வைத்து ஒரு பகிடி நாடகம். பாட்டு ஸ்டீபன் சோண்ட்ஹைம். நியூயோர்க்குக்குக் கொண்டுபோக முதல் வாஷிங்டனில் ஆடிப் பார்த்தாங்க. சனம் சிரிக்கவில்லை. பகிடி எல்லாம் நல்ல பகிடி. வாசித்தால் சிரிப்பு வருது, ஆடினால் வரவில்லை. ஜெரோம் ரொபின்ஸ் என்று ஒரு கைதேர்ந்த ஆளைக் கூப்பிட்டாங்க. அவர் வந்து பார்த்துவிட்டு, முதல் பாட்டு மென்மையாக, காதல் கதைக்குப் போல இருக்கு, சனம் தாங்கள் சிரிக்க வந்திருக்கிறோம் என்பதே தெரியாமல் இருக்கிறாங்க, அதைச் சொல்லுகிற பாட்டொன்றைத் தொடக்கத்தில் போடு என்றார். சோண்ட்ஹைம் புதுப் பாட்டு எழுதினார். வேறு கதை ஒன்றும் வேண்டி வரவில்லை. பிறகு தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்டம் ஓடியது.

வாஷிங்டனில் இருந்த சனத்தில் ஒருத்தராவது "முதல் பாட்டை மாற்று" என்று சொல்லியிருப்பாங்களா? மாட்டாங்க. நடுவில் வாற பகிடியைத்தான் குறை சொல்லியிருப்பாங்க, ஏனென்றால் சிரிப்பு வராமல் போன இடம் அதுதான். ஆடுகிறவர்களுக்கு வெள்ளோட்டத்தில் வேண்டியது உங்க தீர்ப்பு இல்லை, மருமகன். நீங்க எந்த இடத்தில் கொட்டாவி விட்டீங்க, எந்த இடத்தில் கைபேசியை எடுத்தீங்க, எந்தப் பாட்டுக்கு உங்களை அறியாமல் கால் ஆடியது என்பதுதான். அதைத் திரைக்குப் பின்னால் நின்று ஒருத்தன் பார்த்துக்கொண்டே இருப்பான். நீங்க நீதவான் என்று நினைத்து இருந்தீங்க. அவன் உங்களைச் சாட்சிக்கூட்டில் ஏற்றிவிட்டுப் போய்விட்டான். அதுக்கு நீங்க டிக்கட் வேறு எடுத்திருக்கிறீங்க.

நம்ம நாட்டுக் கதைக்கே வருவோம். சிங்களத்தில் நாடகம் என்கிற ஆட்டம் தமிழ்க் கூத்திலிருந்து போனது. கத்தோலிக்கர் இருந்த இந்த மேற்குக் கரையோரம்தான் அதுக்குப் பாதை. சிலாபம், நீர்கொழும்பு எல்லாம் அந்த வழிதான். பழைய நாடகம் பல இரவு நடக்கும். பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர அதைத் தேடிப் போய், அம்பலாங்கொடையில் சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயிடம் பாட்டையும் முறையையும் பெற்று, ஜப்பானில் நோ, கபுக்கி ஆட்டங்கள் எல்லாம் பார்த்து வந்த கையோடு, பேராதனை மாணவர்களை வைத்து 'மனமே' செய்தார். 1956 நவம்பர் 3ஆம் திகதி, கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் முதல் ஆட்டம். புத்த சாதகக் கதை. காட்டில் வேடராசனோடு சண்டை, இளவரசி கையில் வாள். அந்தக் காலத்துக் கொழும்புச் சனத்துக்கு மேடை என்றால் கதவு, யன்னல், கதிரை, மேசை. இங்கே ஒரு காடும் இல்லை, மரமும் இல்லை. ஒரு ஆள் ஓரத்தில் நின்று கதை சொல்லுகிறார், மற்றவர்கள் பாடி ஆடுறாங்க. முதல் நாள் மண்டபம் நிறையவில்லை என்றுதான் பழைய ஆட்கள் சொல்லுவாங்க. ரெஜி சிறிவர்தன ஆங்கிலப் பத்திரிகையில் தூக்கி எழுதினார். பிறகு நாடு முழுக்க ஆடினாங்க. இன்றைக்கும் ஆடுறாங்க. பேராதனையில் தமிழ்க் கூத்தைக் கையில் எடுத்தவர்களுக்கு அது கொடுத்த உசாரும் கொஞ்சமில்லை.

அந்த முதல் நாள் வெறுங்கதிரைகளுக்கு நடுவில் உங்களைப் போல ஒரு மருமகனும் இருந்திருப்பான் என்று நினைக்கிறேன். வெளியில் வந்து, "மரம் ஒன்று கூட வைக்கேல்லை, ரெண்டு கிழமை தாங்காது" என்று பக்கத்து ஆளிடம் சொல்லியிருப்பான். இப்போது எழுபது வயது மட்டில் ஆகிற நாடகம் அது, இன்னும் நின்று பாடுது. அவன் சொன்னதை யார் ஞாபகம் வைத்திருக்கிறாங்க?

சரி, அவனையும் கோபிக்க வேணாம். முதல் பார்த்தவன் என்கிற பெருமை பொல்லாதது. வலை இன்னும் கடலில் கிடக்கும்போது, மடி கரைக்கு வர முன்னமே மீனுக்கு விலை பேசுகிற முதலாளிக்கு இருக்கிற அதே அவசரம். ஆனால் நம்மட சனத்துக்கு முதல் பார்ப்பதில் எப்போதும் பெரிய மதிப்பு இருந்ததில்லை. யாழ்ப்பாணத்தில் நடிகமணி வி. வி. வைரமுத்து 'மயான காண்டம்' ஆடினார். ஆயிரக்கணக்கான தடவை. அரிச்சந்திரனுக்கு என்ன நடக்கும் என்று தெரியாத ஒருத்தன் அந்தச் சனத்துக்குள் இருந்திருப்பானா? சுடலையில் பெண்சாதி பிள்ளையைக் கொண்டுவந்து வைத்து அழுவாள், இவன் கூலி கேட்பான் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் போவாங்க. போன வருசம் அழுத இடத்தில் இந்த வருசமும் அழுவாங்க. மேடையில் பாடி ஆடின கிட்டப்பா, சுந்தராம்பாள் காலத்தில் ஒரு பாட்டு முடிய "ஒன்ஸ்மோர்" என்று சனம் கத்தும். அவங்க ரெண்டு பேரும் 1926இல் கொழும்புக்கு வந்து சேர்ந்து ஆடினவர்கள். செத்துக் கிடக்கிற பாத்திரம்கூட எழும்பிப் பாடிவிட்டுத் திரும்பவும் சாகுமாம் என்று அந்தக் காலத்து நாடகங்களைப் பற்றிப் பகிடியாகச் சொல்லுவாங்க. நீங்க சொல்லுகிற "நீளம்" என்கிறதுக்கு நேர் எதிர்ப்பக்கம் நின்ற சனம் அது.

"பார்க்கத் தெரியாதவனுக்கு மேடை கோணல்" என்று சொல்லலாமா என்று யோசித்தேன். பழமொழியில் இருக்கிறது ஆடத் தெரியாதவளைப் பற்றி. அதனால் சொல்லவில்லை. நினைத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

இப்போ செய்ய வேண்டிய வேலைக்கு வாறேன். அரங்கேற்றத்துக்குப் பிறகு அந்த நாடகத்துக்கு இன்னொரு தரம் போங்க. ரெண்டாம் பாதியை நீங்க இன்னும் பார்க்கவேயில்லை, உங்களுக்கு அது புதுசாக இருக்கும். முதல் பாதியில் எதை மாற்றியிருக்கிறாங்க என்றும் பார்க்கலாம். நீங்க கைபேசியை எடுத்த இடத்தில் வெட்டியிருந்தால் உங்களுக்கும் அந்த ஆட்டத்தில் ஒரு பங்கு இருக்கு, சந்தோஷப்படுங்க. வெட்டாமல் விட்டிருந்தால் அந்த நேரம் மற்றவன் யாராவது கைபேசியை எடுக்கிறானா என்று பாருங்க. ஒருத்தனும் எடுக்கவில்லை என்றால் கடைக்காரனிடம் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வாங்க.

தனியாகப் போக வேணாம், மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்க. டிக்கட் ரெண்டாக எடுங்க, முன்வரிசை வேணாம், எனக்கு ஆடுகிறவன் காலைப் பார்க்கிற தூரம் போதும். கற்பிட்டியிலிருந்து விடியக்காலைப் பஸ்ஸில் ஏறினால் போதும், சிலாபத்தில் இறங்கிச் சாப்பிடுவோம், அதுவும் உங்க கணக்கு. ஒன்று மட்டும்: திரும்பி வாற பஸ் காசைப் புறப்பட முதலே என் கையில் தந்துவிடுங்க. நீங்க இடைவேளையில் எழும்பிப் போற ஆள், நான் கடைசி மட்டும் இருக்கிற ஆள்.